அடிபட்ட மானைத் தேடித் தர்ற நாய் சர்வீஸ், மிச்சிகன்: காசு குடுக்கலாமா?

மொதல்லயே ரேட்டிங் சொல்லிடறேன், 5க்கு 4. நாய்க்கு மட்டும்னா 5. நாயைக் கூட்டிட்டு வர்றவரோட வாய்க்கு 3 போட்டா அதிகம். அவர் பேரு போடல, ஏன்னா இது கம்பெனி கிடையாது, ரிட்டயர்டு ஆன தனி மனுஷன், தெற்கு மிச்சிகன்ல ஜாக்சன் பக்கம் இருக்கார், வேணும்னா உங்க பக்கத்துல இருக்கற ஆளை எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கீழ சொல்றேன்.

டெட்ராய்ட் சுத்தி இருக்கற நோவி, கேன்டன், ட்ராய் பக்கம் நம்ம ஆளுங்க நெறைய பேரு இப்ப மான் வேட்டைக்கு போக ஆரம்பிச்சிருக்காங்க. ஊர்ல 1972 வனவிலங்குச் சட்டம் வந்ததுலேர்ந்து மானைத் தொட்டா ஜெயில், இங்க லைசென்ஸ் வாங்கிட்டு சீசன்ல தாராளமா அடிக்கலாம், 1960 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்கன்னா ஹன்டர் சேஃப்டி கோர்ஸ் முடிச்சிருக்கணும், அவ்ளோதான். ஆனா கோர்ஸ்ல ஒரு மணி நேரத்துல சொல்லிட்டு போயிடற விஷயம்தான் நிஜத்துல கழுத்தைப் பிடிக்கும்: அம்பு பட்டுச்சு, மான் விழல, ஓடிப்போயிடுச்சு, இப்ப என்ன பண்றது. அதுவும் ஓடின மான் பக்கத்து நிலத்துக்குள்ள போயிட்டா? இந்த சர்வீஸ் அதுக்குத்தான். வாசனை பிடிக்கப் பழக்கின நாய், நீளமான கயிறு, கூட ஒரு ஆளு. நாயைக் கயித்துல கட்டித்தான் கூட்டிட்டுப் போவாங்க. நியூயார்க்ல இதுக்குன்னு தனி லைசென்ஸே 1986லேர்ந்து இருக்கு, பென்சில்வேனியால 2018ல தான் அனுமதிச்சாங்க. ஜெர்மனில எல்லாம் இது பல தலைமுறையா நடக்குது, அடிபட்ட மானை தேடாம விட்டுட்டு வீட்டுக்கு வர்றது அங்க வேட்டைக்காரனுக்கு அசிங்கம்.

எங்க கேஸ் என்னன்னா, ஆபிஸ்ல கூட வேலை பாக்கற மதுரைக்கார அண்ணன் ஒருத்தர், அவரோட மேனேஜரோட சித்தப்பாவுக்கு 40 ஏக்கர் இருக்கு, அதுல அனுமதி வாங்கி அக்டோபர் கடைசில கிராஸ்போ (துப்பாக்கி மாதிரி பிடிச்சு அம்பு விடற வில்லு) எடுத்துட்டு ஒக்காந்தோம். சாயங்காலம் இருட்டறதுக்கு கொஞ்சம் முன்னாடி மக்காச்சோளக் கொல்லை ஓரமா எட்டு கிளைக் கொம்போட ஒரு கிடா வந்துச்சு, அண்ணன் விட்டார், அம்பு பட்ட சத்தம் எனக்கே கேட்டுச்சு, ஆனா மான் துள்ளி ஓடல, முதுகை வளைச்சு வாலை ஒடுக்கிட்டு மெதுவா நடந்து மரத்துக்குள்ள போயிடுச்சு. ரெண்டு பேருக்கும் வயித்துல புளி கரைச்சிடுச்சு. ஏன்னா நெஞ்சுல பட்ட மான் பின்னங்காலை ஒதறி தலைதெறிக்க ஓடும், கூன் போட்டு நடந்துச்சுன்னா வயித்துல பட்டிருக்குன்னு அர்த்தம். கீழ எறங்கிப் போய் அம்பை எடுத்தோம், செகப்பே கம்மி, பச்சையும் பிரவுனுமா கொழகொழன்னு ஒட்டியிருக்கு, மோந்து பார்த்தா சாணி நாத்தம்.

அங்கேர்ந்தே இந்த நாய்க்காரருக்கு ஃபோன் போட்டோம். எடுத்ததும் ஹலோ கூட ஒழுங்கா சொல்லல, கேள்வியா கேட்டார். எத்தனை மணிக்கு விட்டீங்க, மான் எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு, பட்டதும் என்ன பண்ணுச்சு, அம்புல என்ன இருக்கு, நீங்க எவ்ளோ தூரம் பின்னாடி போனீங்க, எத்தனை பேரு மிதிச்சீங்க. அண்ணன் டார்ச் அடிச்சு ஒரு ரவுண்டு பாத்துட்டு வர்றேன்னு சொன்னதும் மனுஷன் கத்தினார் பாருங்க. ஒரு அடி எடுத்து வெச்சா நான் வர மாட்டேன், அம்பு கெடந்த எடத்துல ரிப்பன் கட்டிட்டு வந்த வழியே வெளிய போங்க, காலைல பாக்கலாம்னுட்டார்.

இதுக்கு காரணம் இருக்கு, தெரிஞ்சுக்கோங்க. நுரையீரல்ல பட்டா ரத்தம் பளிச்னு ரோஸ் கலர்ல நுரையோட இருக்கும், அரை மணி ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டு போனா பக்கத்துலயே கெடக்கும். ஈரல்ல பட்டா ரத்தம் கருஞ்செகப்பா வரும், நாலஞ்சு மணி நேரமாவது விடணும். குடல்ல இரைப்பைல பட்டா எட்டுலேர்ந்து பன்னெண்டு மணி நேரம். அந்த மான் சாகப் போறது நிச்சயம், ஆனா மெதுவா சாகும், யாரும் தொரத்தலன்னா பெரும்பாலும் கொஞ்ச தூரத்துலயே போய் படுத்துடும், படுத்த எடத்துலயே உசுரு போயிடும். நீங்க டார்ச் எடுத்துட்டு பின்னாடியே போனீங்கன்னா எழுந்து ஓடும், ஓடினா எங்க நிக்கும்னு யாருக்கும் தெரியாது, வயித்துல ஓட்டையை குடலே அடைச்சுக்கும், ரத்தம் ஒரு சொட்டு கீழ விழாது, அப்புறம் எதை வெச்சு தேடுவீங்க. ராத்திரி 38 டிகிரி ஃபாரன்ஹீட் தான் இருந்துச்சு, அதனால கறி கெட்டுப்போகும்ங்கற பயம் ரொம்ப இல்ல. இதே அக்டோபர் ஆரம்பத்துல 65 டிகிரில நடந்திருந்தா அது வேற கணக்கு. கொயோட்டி, அதாவது இங்க இருக்கற ஓநாய் மாதிரி மிருகம், அந்த பயம் மட்டும் எப்பவும் உண்டு, அதை ஒண்ணும் பண்ண முடியாது.

ஃபோனை வைக்கறதுக்கு முன்னாடி அவர் கேட்ட கடைசி கேள்விதான் எனக்கு இந்த ரிவ்யூ எழுதணும்னு தோணினதுக்கே காரணம். சுத்தி இருக்கற நாலு பக்கமும் யாரோட நிலம், அவங்க நம்பர் இருக்கா? மேற்குப் பக்கம் சித்தப்பாவோட தம்பி நிலம், வடக்குல ரோடு, தெற்குப் பக்கம் ஒரு கிழவி, பழக்கம் உண்டு. கிழக்குப் பக்கம்? தெரியாது. மான் போனது எந்தப் பக்கம்? கிழக்கு. ஃபோன்ல அவர் ஒரு பெருமூச்சு விட்டது கேட்டுச்சு. காலைல நான் வர்றதுக்குள்ள அது யாருன்னு கண்டுபிடிச்சு வைங்க, கண்டுபிடிக்கலன்னா வேலி வரைக்கும்தான் வருவேன், அங்கேயே திரும்பிடுவேன், காசு மட்டும் முழுசா வாங்கிப்பேன்னு சொன்னார். அப்ப கடுப்பாதான் இருந்துச்சு.

காலைல எட்டு மணிக்கு வந்தார். நாய் என்னமோ பெரிய ஹவுண்டா இருக்கும்னு நெனச்சா வண்டியிலேர்ந்து எறங்கினது ஒரு வயர்ஹேர்ட் டாஷண்ட், குட்டைக் காலு, தாடி வெச்ச மூஞ்சி, முழங்கால் உயரம் கூட இல்ல, ஆரஞ்சு கலர் ஜாக்கெட் வேற. அண்ணன் என்னைப் பாத்தார், நான் அவரைப் பாத்தேன். ஆனா முப்பது அடி கயித்தை மாட்டி அம்பு கெடந்த எடத்துல விட்டதும் அது நடந்துக்கிட்ட விதமே வேற. மூக்கை தரையோட வெச்சு ஒரே ஒரு வட்டம் போட்டுச்சு, அப்புறம் நேர் கோடு. ரத்தமே கண்ணுக்குத் தெரியல எங்களுக்கு, அது பாட்டுக்குப் போகுது. ரத்தத்தை மட்டும் மோந்து போறதில்லயாம், மானோட குளம்பு ரெண்டா பொளந்திருக்கு இல்ல, அந்த நடுவுல ஒரு சுரப்பி இருக்கு, ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அந்த வாசனை தரைல ஒட்டும், அடிபட்ட மானோடது எதுன்னு நாய் பிரிச்சு எடுத்துக்கும். வழில ராத்திரி வேற மான்கள் குறுக்க போன தடம் பச்சையா இருந்துச்சு, ஒரு செகண்ட் நின்னு மோந்துட்டு விட்டுட்டு பழைய தடத்துக்கே வந்துச்சு. நல்லா பழகின நாய் ஒரு நாளைக்கு மேல ஆன தடத்தைக் கூட எடுக்கும்ங்கறார், நான் அன்னிக்கு நேர்ல பாத்ததுக்கு அப்புறம் நம்பறேன்.

ஒரு எடத்துல நாய் நின்னு வாலை வெடவெடன்னு ஆட்டுச்சு. புல்லு அமுங்கி ஒரு மான் படுத்த பள்ளம், அதுல உள்ளங்கை அளவு கருத்த ரத்தம், ஓரத்துல பச்சை. இங்க படுத்து எழுந்து போயிருக்கு. அவர் ஃபோன்ல புள்ளி வெச்சார், ஒரு ரோஸ் ரிப்பன் கட்டினார், நாயைத் தட்டிக் குடுத்தார். அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல வேலி. பழைய முள்கம்பி, பாதி கம்பி ஒரு ஓக் மரத்துக்குள்ளயே பொதைஞ்சு போயிருக்கு, மரம் அதை முழுங்கி வளந்திருக்கு, அவ்ளோ பழசு. கீழ் கம்பில ரெண்டு மூணு மயிர் ஒட்டியிருந்துச்சு. நாய் கம்பிக்கு அடில நொழைஞ்சிடுச்சு, கயிறு விர்ர்னு ஓடுது, மனுஷன் கயித்து மேல பூட்ஸ் காலை வெச்சு அழுத்தினார் பாருங்க, நாய் அந்தப் பக்கம் ஊளை விடுது, இவர் அசையல. மெதுவா இழுத்து இந்தப் பக்கம் கொண்டு வந்துட்டார்.

இங்க சட்டம் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நம்ம ஆளுங்க நெறைய பேரு தப்பா நெனச்சிட்டிருக்காங்க. நான் அடிச்ச மான், நான் போய் எடுத்துக்கறேன், அதுல என்ன தப்புன்னு தோணும். மிச்சிகன்ல அந்த உரிமை கெடையாது. விவசாய நிலமும் அதோட ஒட்டின காடும்னா போர்டு கூட வைக்க வேண்டாம், அனுமதி இல்லாம கால் வெச்சாலே அத்துமீறல்தான். மத்த நிலத்துக்கு வேலியோ போர்டோ இருக்கணும், போர்டுன்னா குறைஞ்சது 50 சதுர அங்குலம், எழுத்து ஒரு அங்குல உயரம்னு அளவெல்லாம் வெச்சிருக்காங்க. வேட்டை நாய் ஓடிப்போய்ட்டா மட்டும், துப்பாக்கி இல்லாம நடந்து போய் நாயைக் கூட்டிட்டு வரலாம், அதுவும் நிலத்துக்காரர் முன்னாடியே வராதேன்னு சொல்லியிருந்தா அதுவும் முடியாது. நாய்க்கு உண்டு, மானுக்கு இல்ல. நாய் மான் பின்னாடிதானே போச்சுன்னு வக்கீல் வாதம் பண்ணலாம்னு அண்ணன் கேட்டார், அவர் திரும்பிக் கூட பாக்கல. டிஎன்ஆர், அதாவது ஸ்டேட்டோட இயற்கை வளத்துறை, அந்த ஆபீசரைக் கூப்பிட்டா வந்து நிலத்துக்காரர்கிட்ட பேசிப் பாப்பார், ஆனா முடியாதுன்னு அவர் சொல்லிட்டா அவ்ளோதான், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஒவ்வொரு ஸ்டேட்டும் ஒவ்வொரு மாதிரி, மின்னசோட்டால போர்டு போடாத நிலம்னா நடந்து போய் அடிபட்டதை எடுத்துட்டு உடனே வெளிய வந்துடலாம், டெக்சாஸ்ல அனுமதி இல்லாம எல்லை தாண்டி தொரத்தவே கூடாது. டெக்சாஸ்ல இன்னொண்ணு, மரத்துல ஊதா பெயிண்ட் கோடு அடிச்சிருந்தாலே உள்ள வராதேன்னு அர்த்தம், எட்டு அங்குல நீளம், தரையிலேர்ந்து மூணுலேர்ந்து அஞ்சு அடிக்குள்ள. தெரியாம அழகா இருக்கேன்னு ஃபோட்டோ எடுத்துட்டு உள்ள போயிடாதீங்க.

சரி, கிழக்குப் பக்கம் யாருன்னு ராத்திரியே ஆப்ல தேடி வெச்சிருந்தேன். ஆன்எக்ஸ் ஹன்ட் ஆப்தான் இங்க நெறைய பேரு வெச்சிருக்காங்க, வருஷ சந்தா, மேப்ல ஒவ்வொரு நிலத்துக்கும் கோடு போட்டு சொந்தக்காரர் பேரு காட்டும், சிக்னல் இல்லாத எடத்துக்கு மேப்பை முன்னாடியே எறக்கி வெச்சுக்கலாம். பேரு எங்கேர்ந்து வருதுன்னா கவுன்டி வரி ரெக்கார்டுலேர்ந்து, நம்மூர் பட்டா மாதிரின்னு வெச்சுக்கோங்க, பட்டால இருக்கற பேரும் வயல்ல நிக்கற ஆளும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. இங்கயும் அதே கதை, பேருக்குப் பதிலா ஏதோ ட்ரஸ்ட்னு போட்டிருந்துச்சு, அட்ரஸ் ஃப்ளோரிடா. வேலிகிட்ட நின்னு ஃபோனை எடுத்துப் பாத்தா நாங்க நிக்கற புள்ளி ஏற்கனவே அந்தப் பக்கம் இருக்குன்னு காட்டுது. நாய்க்காரர் சிரிச்சார். ஃபோன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலயே அஞ்சு மீட்டர் முன்னப் பின்ன காட்டும், மரத்தடில இன்னும் மோசம், மேப்ல இருக்கற கோடும் சர்வே கோடு கெடையாது. வேலியும் சரியான எல்லைல தான் இருக்கும்னு சொல்ல முடியாதாம், ஆனா சந்தேகம்னா நமக்கு எது நட்டமோ அதையே எல்லையா எடுத்துக்கணும், அது அவர் பாலிசி. எனக்கு அந்த பாலிசி ரொம்பப் புடிச்சிருந்துச்சு. இந்தப் பக்கம் எல்லாம் 1785 சட்டப்படி ஒரு மைல் சதுரம் சதுரமா அளந்து வெட்டின நிலம், 640 ஏக்கர் ஒரு செக்ஷன், அதுல பதினாறுல ஒண்ணுதான் இந்த 40 ஏக்கர், அதனால கோடெல்லாம் நேரா இருக்கும், ஊகிக்கறது ஓரளவு ஈஸி. மலைப்பக்கம் ஸ்டேட்ல இதையே பண்ணிப் பாருங்க, தலை சுத்தும்.

கோடு விஷயத்துல எவ்ளோ தூரம் போவாங்கன்னா, வயோமிங்ல 2021ல நாலு வேட்டைக்காரங்க ரெண்டு அரசு நிலம் மூலைக்கு மூலை தொட்டுக்கற எடத்துல, தனியார் மண்ணுல கால் படாம ஏணி வெச்சுத் தாண்டினாங்க. அந்த மூலைக்கு மேல இருக்கற காத்து என்னோடதுன்னு பண்ணைக்காரர் கேஸ் போட்டார், லட்சக்கணக்கான டாலர் நஷ்டஈடு கேட்டார், 2025 மார்ச்ல அப்பீல் கோர்ட் வேட்டைக்காரங்க பக்கம் சொல்லிடுச்சு. அது அந்த கோர்ட்டுக்கு கீழ வர்ற மேற்கு ஸ்டேட்களுக்கு மட்டும், மிச்சிகன்ல அதைக் காட்டி யாரும் வம்பு பண்ணாதீங்க.

அப்புறம் ரோட்டு வழியா சுத்திப் போய் அந்த நிலத்துல இருந்த பண்ணை வீட்டுக் கதவைத் தட்டினோம். நம்ம அகப்பாட்டுல தலைவன் தினைப்புனத்துக்கு வந்து என் அம்பு பட்ட கலைமான் இந்தப் பக்கம் வந்துச்சான்னு கேப்பானே, அங்க தோழியும் தலைவியும் நிப்பாங்க, எங்களுக்குக் கதவைத் தொறந்தது பைஜாமால ஒரு தாத்தா, கைல காபி, பின்னாடி டிவி சத்தம். இங்க கவனிக்க வேண்டியது என்னன்னா பேசினது நாய்க்காரர்தான். எங்களை வண்டில ஒக்கார வெச்சுட்டார், கிராஸ்போவை வெளிய எடுக்கவே கூடாதுன்னுட்டார், தொப்பியைக் கழட்டிக் கைல வெச்சுக்கிட்டு, நாயை மட்டும் பக்கத்துல நிறுத்திக்கிட்டார். தாத்தா நிலத்தை குத்தகைக்கு எடுத்தவர், சொந்தக்காரம்மா ஃப்ளோரிடால, நம்பர் குடுத்தார். அந்தம்மா எடுக்கல. மெசேஜ் போட்டுட்டு காத்திருந்தோம், ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அண்ணன் தவிச்சுப் போய்ட்டார், இவ்ளோ பக்கத்துல இருக்கு ஒரு ஓட்டம் ஓடிப் பாத்துட்டு வந்துடலாமேன்னு திரும்பத் திரும்பச் சொல்றார். நாய்க்காரர் டிக்கியைத் தொறந்து நாய்க்கு தண்ணி வெச்சுட்டு சாண்ட்விச் சாப்பிட்டார். கடைசில அந்தம்மா கூப்பிட்டாங்க, நாய்க்காரரும் இன்னொருத்தரும் மட்டும் போகலாம், ஆயுதம் கூடாது, வண்டி உள்ள வரக்கூடாது, சோயா அறுவடை ஆகாத பக்கம் மிதிக்கக்கூடாது. பேசினதை அப்படியே டெக்ஸ்டா அனுப்பச் சொல்லி எழுத்துலயும் வாங்கிட்டார் மனுஷன்.

வேலியிலேர்ந்து நூறு நூத்தம்பது மீட்டர் இருக்கும், ஒரு ஓடைக்கரைல நாணல் நடுவுல செத்துக் கெடந்துச்சு. வயித்துல பட்டது தண்ணியைத் தேடிப் போகும்னு சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. ஒரு பின்னங்கால் பக்கம் கொயோட்டி கடிச்சிருந்துச்சு, மீதி நல்லாவே இருந்துச்சு. நாய் மான் கழுத்துல வாயை வெச்சு ரெண்டு ஆட்டு ஆட்டுச்சு, அது அதுக்குக் கூலியாம், அதைத் தடுக்கக்கூடாதாம். அண்ணன் அங்கேயே லைசென்ஸோட வர்ற டேக்கை மான்ல கட்டினார், டேக் கட்டாம நகர்த்தக்கூடாது, அப்புறம் 72 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல ரிப்போர்ட் பண்ணணும், இது 2022லேர்ந்து கட்டாயம். குடலை அந்தம்மா நிலத்துல போடாம மானை முழுசா இழுத்துட்டு வந்து எங்க பக்கம்தான் கழுவினோம், அதுவும் நாய்க்காரர் ஆர்டர். ஓட்டை இரைப்பைன்னா உள்ள சாணி தெறிச்சிருக்கும், பட்ட கறியை வெட்டி எறிஞ்சுட்டு நெறைய தண்ணி விட்டுக் கழுவணும், அந்த வேலை சுகமா இருக்கும்னு யாரும் நெனைக்காதீங்க.

காசு: வர்றதுக்கு 100 டாலர், மான் கெடச்சா இன்னும் 100, கேஷ் மட்டும். கெடைக்கலன்னா மொத நூறு திரும்ப வராது. பாதிக்கு மேல தேடல் கெடைக்காமதான் முடியும்னு அவரே வாய்விட்டுச் சொன்னார், சில மான் சாகறதே இல்லயாம், தோள்ல லேசா பட்டது பொழச்சு அடுத்த வருஷம் கேமராவுல வரும். அதை மறைக்காம சொன்னதுக்கே ஒரு மார்க் ஏத்தலாம். கொறைன்னா, பேச்சு கரடுமுரடு, அண்ணனை சின்னப் பையன் மாதிரி அதட்டினார், அண்ணனுக்கு வயசு 48. ராத்திரி வர மாட்டார். ஒத்தை ஆளு ஒத்தை நாய்ங்கறதால துப்பாக்கி சீசன் ஆரம்பிக்கற நவம்பர் 15 வாரம் ஆளு கெடைக்கறது கஷ்டம். ட்ரோன்ல தெர்மல் கேமரா வெச்சு தேடித் தர்றவங்க சில ஸ்டேட்ல இருக்காங்க, மிச்சிகன்ல அதுக்கு அனுமதி இல்ல, அதனால இங்க நாயை விட்டா வேற வழி கெடையாது.

ஒரு 35 டாலர் ஆப் வாங்கிட்டா எல்லை பிரச்சினை தீந்துடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கோட்டை மட்டும் பாக்கணும்னா டிஎன்ஆரோட மை-ஹன்ட் மேப் ஓசியாவே இருக்கு, அரசு நிலம் எது, ஹன்டிங் ஆக்சஸ் ப்ரோக்ராம்ல வேட்டைக்குத் தொறந்து விட்டிருக்கற தனியார் நிலம் எதுன்னு காட்டும். ஆப் உங்களுக்கு பேரு தரும், ஃபோன் எடுக்கற ஆளைத் தராது. நாங்க அந்த ஒரு மணி நேரம் காத்திருந்தது முழுக்க ஒரு நம்பருக்காக. செப்டம்பர்லயே ஒரு சனிக்கிழமை போய் நாலு பக்கமும் கதவைத் தட்டி, மான் உள்ள வந்துட்டா கூப்பிடலாமான்னு கேட்டு வெச்சிருந்தா காலைல எட்டரைக்கே வேலை முடிஞ்சிருக்கும். அண்ணன் இப்ப அந்த ஃப்ளோரிடா அம்மாவுக்கு மான் கறி சாசேஜ் பார்சல் அனுப்பிட்டார், தாத்தாவுக்கு கால் கிலோ மெட்ராஸ் காபித்தூள்.

யாரு கூப்பிடலாம்? நெஞ்சுல பட்டு நுரை ரத்தம் வழி முழுக்க கொட்டியிருந்தா காசைச் சேத்து வைங்க, நீங்களே கண்டுபிடிச்சிடலாம். அம்புல பச்சை இருந்தா, கருஞ்செகப்பு இருந்தா, இல்ல ரத்தம் நூறு கஜத்துல நின்னுபோச்சுன்னா, தேடாம அப்பவே கூப்பிடுங்க. நாலு பேரைக் கூட்டிட்டு காட்டை மிதிச்சு கலக்கிட்டு கூப்பிட்டா நாய்க்கும் கஷ்டம், அவர் திட்டும் கேக்கணும். யுனைட்டெட் ப்ளட் ட்ராக்கர்ஸ்ங்கற அமைப்போட சைட்ல ஸ்டேட் வாரியா ஆளுங்க லிஸ்ட் இருக்கு, உங்க கவுன்டிக்கு பக்கத்துல ரெண்டு பேரு நம்பரையாவது சேவ் பண்ணி வெச்சுக்கோங்க. எங்க ஆளு வாய்ஸ்மெயில் கேக்க மாட்டார். டெக்ஸ்ட் போடுங்க, அம்போட ஃபோட்டோ, விட்ட நேரம், மான் போன பக்கத்து நிலத்துக்காரர் பேரு. மூணாவது இல்லாத மெசேஜுக்கு அவர் பதில் போட்டு நான் பாத்ததில்ல.